கீழ்வாசல் விளக்கு

ஆர் பள்ளத்தாக்கு,
27.11.2007

அன்புள்ள சுபத்ரா அக்காவுக்கு,

சியாமளா எழுதுவது. சுகமாக இருக்கிறீர்களா? இரவு வேலை முடிந்து வரும்போது குளிருக்குத் தலையை மூடிக்கொள்கிறீர்களா? பெரியம்மாவின் முழங்கால் வலி எப்படி? நாங்கள் மூவரும் உடம்பளவில் சுகம்.

அக்கா, இதைக் கண்டதும் எங்கள் வீட்டுக்குப் போன் எடுக்க வேண்டாம். போன் சமையலறையில் இருக்கிறது. யார் பேசினாலும் அம்மாவுக்குக் கேட்கும். அவர்கள் படுத்த பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, சலவை இயந்திரத்தின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். பதிலை உறையில் உள்ள யூலியாவின் முகவரிக்குப் போடுங்கள். என் வகுப்புத் தோழி. கேள்வி கேட்க மாட்டாள்.

ஞாயிறு காலை ரெனாத்தோ நிலவறையில் விழுந்துவிட்டார். ரெனாத்தோ எங்கள் முதலாளி எத்தோரேயின் மகன். போன வருடம் நீங்கள் வந்தபோது உங்களுக்கு வைன் ஊற்றிக்கொண்டு வந்து, நீங்கள் குடிப்பதில்லை என்று அம்மா சொன்னதும் வெட்கப்பட்டுத் திராட்சைச் சாறு கொண்டுவந்து தந்தாரே, அவர்தான்.

இவர்கள் வைன் செய்கிற முறையைச் சொன்னால்தான் நடந்தது விளங்கும். செப்டெம்பரில் பழம் பிழியும்போது நல்ல குலைகளில் கொஞ்சத்தைப் பிழியாமல் எடுத்து, நிலவறைக்கு மேல்மாடியில் நாங்கள் இருக்கிற அறைகளுக்கும் மேலே, கூரைக்கடியில் நாணல் தட்டுகளில் வாட விடுவார்கள். நவம்பர் நடுவில், பொங்கி அடங்கிப்போன வைனுக்குள் அந்த வாடிய பழத்தை நசித்துப் போடுவார்கள். வைன் மறுபடியும் பொங்கத் தொடங்கும். எத்தோரேயின் ஊரில் காலங்காலமாகச் செய்வதாம். பள்ளத்தாக்கில் மற்ற நிலவறைகள் எல்லாம் ஒக்டோபரோடு அடங்கிவிடும். எங்களுடையது மட்டும் மார்கழி வரை காஸ் விட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காஸுக்கு மணம் இல்லை. கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். அதை வெளியே தள்ள ஒரு காற்றாடி இரவும் பகலும் ஓட வேண்டும்.

சனி இரவு அது ஓடவில்லை. ஸ்விட்ச், நிலவறைக்கு இறங்குகிற கீழ்வாசலில், எங்கள் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிறு விடிய ரெனாத்தோ பீப்பாய்களைப் பார்க்க இறங்கியிருக்கிறார். அப்பாதான் கண்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கக்கத்துக்குள் கை கொடுத்து அவரை மேலே இழுத்தார். ரெனாத்தோவின் சப்பாத்து ஒவ்வொரு படியிலும் இடித்த சத்தத்தில்தான் நான் எழும்பினேன்.

பான் நகர ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். மெஷின்தான் மூச்சு விடுகிறது.

காற்றாடியைப் போடுவதும் நிறுத்துவதும் அப்பாவின் பொறுப்பு. எல்லாரும் அப்பாவைப் பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜனவரி 15 எங்களுக்கு விசா அலுவலகத்தில் டெர்மின், வரச் சொல்லி நாள் குறித்திருக்கிறார்கள். எட்டு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டி நீட்டி வந்த, இப்போதைக்கு அனுப்ப மாட்டோம் என்று மட்டும் சொல்கிற டுல்டுங் தாளுக்குப் பதிலாக, இந்த வருடம் வந்த சட்டத்தின்படி ஒழுங்கான விசா கிடைக்கலாம். அதற்கு, அப்பாவுக்குத் தொடர்ந்து வேலை இருக்கிறது என்று எத்தோரே கடிதம் தர வேண்டும்.

பெரியம்மாவிடம் சொல்ல வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
சியாமளா


கெல்சென்கிர்ச்சன்,
1.12.2007

என் அன்புத் தங்கை சியாமளாவுக்கு,

அக்கா நலம். அம்மாவின் முழங்கால் மழைக்கு முதல் நாளே மழையைச் சொல்லிவிடுகிறது, மற்றபடி குறையில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைப் பேருந்தில் நின்றபடியே வாசித்து, இறங்க வேண்டிய தரிப்பை விட்டுவிட்டேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் தாதிப் பயிற்சி எடுக்கிற வார்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். மூளைக்குக் காற்றுப் போகாத நேரம் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். சித்தப்பா உடனே இழுத்தது பெரிய காரியம். இதை அவருக்கு யாராவது சொன்னார்களா?

போன மாதம் ஹம் நகரக் கோயிலில் சித்தப்பாவைக் கண்டபோது ஊர்க்காரர் அலோசியஸ் மாமா பகிடி விட்டது ஞாபகம் வருகிறது. “என்ன உமாபதி, ஜேர்மனியிலயும் கள்ளுக்கொட்டில் பிடிச்சிட்டியாம்?” சித்தப்பா சிரித்துக்கொண்டே, “ஓம் அண்ணை, வாங்கோவன், பிளாவில வாத்துத் தாறன்” என்றார். அந்த மனிதன் இப்போது எப்படி இருக்கிறார்?

ஒன்று மட்டும் விளங்கவில்லை. காற்றாடியை யார் நிறுத்தினது? அது தானாக நின்றதா? கரண்ட் போனதா? சித்தப்பா என்ன சொல்கிறார்?

முத்திரைக்குப் பத்து யூரோ வைத்திருக்கிறேன். பயப்படாதே.

உன் அக்கா,
சுபத்ரா


ஆர் பள்ளத்தாக்கு,
5.12.2007

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் யூலியாவின் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்து வந்தது. நீங்கள் சுகம் என்று அறிந்து சந்தோஷம். எனக்குச் சின்னத் தடிமன்.

கரண்ட் போகவில்லை. ஸ்விட்ச் கீழே, நிறுத்துகிற பக்கம் தட்டியிருந்தது. எத்தோரேயே பார்த்தார்.

அப்பா சொல்வது இதுதான். சனி பின்னேரம் அவர் கீழே போனார், ஸ்விட்சைப் பார்த்தார், அதில் கை வைத்தது ஞாபகம் இருக்கிறது. மேலே தட்டினாரா, கீழே தட்டினாரா, சும்மா தொட்டாரா என்பதுதான் ஞாபகம் இல்லை. நேற்று வேலை முடிந்து வந்து மேசையில் இருந்தபடியே வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞானம், நான் வந்து கையைக் கழுவினனான். அதுக்கு முதல்?” என்று அம்மாவைக் கேட்டார்.

“எனக்கென்னெண்டப்பா தெரியும்? நான் மேல விளக்குக்குத் திரி திரிச்சுக்கொண்டு நிண்டனான்.”

“ஒக்டோபர் முடிய, முதல் பொங்கினது அடங்க நிப்பாட்டிறது வழக்கம். கை பழக்கத்தில போயிருக்கும். என்ர கைதான்.”

“தெரியாததைச் சொல்லாதேங்கோ.”

“நானில்லாமல் வேற ஆர் அதில கை வைக்கிறது?”

நான் அப்பாவுக்கு முன்னால் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

ரெனாத்தோ மெழுகுதிரி கொண்டுபோகவில்லை என்றும் பேசிக்கொள்கிறார்கள். எத்தோரே வீட்டில் ஒரு வழக்கம்: வைன் பொங்குகிற நாட்களில் காற்றாடி ஓடினாலும் ஓடாவிட்டாலும், எரிகிற மெழுகுதிரியை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். சுடர் அணைந்தால் அந்தப் படியிலேயே திரும்பிவிட வேண்டும். ரெனாத்தோ அதை வயதானவர்களின் வேலை என்று சிரிப்பாராம். எத்தோரே இதை ஒருவரிடமும் சொல்வதில்லை. சில்வியாதான், ரெனாத்தோவின் மனைவி, முற்றத்தில் நின்று கத்தினாள்: “அவன் மெழுகுதிரி கொண்டுபோகாதது காற்றாடியை நம்பித்தான். காற்றாடியை நம்பினது உமாவை நம்பித்தான்.” இங்கே அப்பாவை உமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்பா அப்போது முற்றத்தில் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை நிறுத்தவில்லை.

உங்கள் சோதனைகள் எப்போது தொடங்குகின்றன? நன்றாகச் செய்யுங்கள்.

அன்புடன்,
சியாமளா


கெல்சென்கிர்ச்சன்,
10.12.2007

அன்புத் தங்கைக்கு,

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. எனக்கு அடுத்த கிழமை இரண்டு சோதனை. அம்மா உன்னைப் பற்றிக் கேட்டா. நாம் எழுதிக்கொள்வது அவவுக்குத் தெரியாது, எப்போதும் கேட்பதுபோலக் கேட்டா.

கோபிக்காதே, ஒன்று கேட்கப்போகிறேன். அந்தச் சனிக்கிழமை கார்த்திகை விளக்கீடு. ஒவ்வொரு வருடமும் விளக்கீடு முடிந்ததும் நீ எனக்குக் கதை கதையாக எழுதுவாய். போன வருடம் பதினெட்டுச் சிட்டி விளக்கு, எது எந்த வாசலில், எது எத்தனை மணி வரை நின்றது என்று படம்கூடக் கீறி அனுப்பினாய். இந்த முறை இரண்டு கடிதத்திலும் விளக்கைப் பற்றி உன் வாயால் ஒரு சொல் இல்லை. சித்தி திரி திரித்தா என்பது சித்தி சொன்னது.

இந்த முறை எத்தனை விளக்கு? எங்கே எங்கே வைத்தாய்?

அக்கா


ஆர் பள்ளத்தாக்கு,
12.12.2007

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

ரெனாத்தோ கண் திறந்துவிட்டார். மெஷினை எடுத்துவிட்டார்கள். சில்வியாவைத் தெரிகிறதாம். ஆனால் சொல் வரப் பிந்துகிறது, வலது கை நடுங்குகிறது. கரண்டியைக் கொடுத்தால் அதை என்ன செய்வது என்று பார்க்கிறாராம்.

அப்பா இப்போது விடியற்காலையில் கீழே போய் ஸ்விட்சுக்கு முன்னால் நிற்கிறார். கையைக் கொண்டுபோகிறார், எடுக்கிறார், மறுபடியும் கொண்டுபோகிறார். கை தானாக எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறாராம். அம்மாவிடம் சொன்னார்: “ஒவ்வொரு முறையும் கீழ்ப்பக்கம்தான் போகுது, ஞானம்.”

இன்று ஜெர்மன் பாடத்தில் எனக்கு ஐந்து கிடைத்தது, பெயில் மாதிரித்தான். அம்மா கையெழுத்து வைக்கும்போது ஒன்றும் ஏசவில்லை.

சோதனை நன்றாக நடக்கட்டும்.

சியாமளா


கெல்சென்கிர்ச்சன்,
16.12.2007

சியாமளா,

நீ சுகம் என்று எழுதியிருந்தாய். ஐந்து வாங்குகிற பிள்ளை நீ இல்லை. நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. ரெனாத்தோ கண் திறந்தது நல்ல செய்தி. கை நடுக்கம் பயிற்சியில் குறையும், பேச்சும் மெல்ல வரும், அதை நான் பார்த்திருக்கிறேன்.

இனிக் கேட்க மாட்டேன். ஆனால் உனக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தால் பாதிப் பாரம் இங்கே வந்துவிடும். எனக்கு எழுதுவதால் யாருக்கும் எதுவும் நடக்காது.

அக்கா


ஆர் பள்ளத்தாக்கு,
21.12.2007

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்க வேண்டும். நான் இதை மூன்று இரவாக எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

இந்த முறை இருபது விளக்கு. மேல்வாசலில் எட்டு, ஜன்னல்களில் ஐந்து, படிகளில் ஆறு, கீழ்வாசலில் ஒன்று. அம்மா சொல்லித்தான் விட்டா: “கீழ்வாசல் விளக்கு மட்டும் நூரக் கூடாது பிள்ளை. பக்கத்தில நிண்டு பார்.” போன வருடம் கீழ்வாசல் விளக்குத்தான் முதலில் அணைந்தது. மூன்றாம் நாள் வன்னியில் அம்மாவோடு பிறந்த மாமா ஷெல் விழுந்து செத்துப்போன செய்தி வந்தது. அம்மா அதைப் பிறகு ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எண்ணெய் ஊற்றும்போது என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தா.

நான் கீழ்வாசல் படியில் விளக்கை வைத்துக் கொளுத்தினேன். அணைந்தது. மறுபடி கொளுத்தினேன். கையால் மறைத்துப் பிடித்தேன். அப்படியும் அணைந்தது. காற்றாடி வெளியே தள்ளுகிற குழாய் அந்தப் படிக்குப் பக்கத்தில்தான் முடிகிறது. அதன் காற்றுத்தான் அணைக்கிறது என்று நினைத்தேன். மூன்றாவது தரமும் அணைந்தபோது அழுகை வந்துவிட்டது. மேலே இருந்து அம்மா கேட்டா, “என்னடி, நிண்டு எரியுதோ?” நான் “ஓமம்மா” என்றேன். சொல்லிவிட்டுத்தான் ஸ்விட்சைத் தட்டினேன்.

நாலாம் தரம் விளக்கு நின்று எரிந்தது. அசையவே இல்லை. அவ்வளவு வடிவாக இருந்தது அக்கா. எண்ணெய் முடிந்ததும் வந்து காற்றாடியைப் போடலாம் என்று நினைத்தேன். மேலே மோதகம் அவித்திருந்தார்கள். சாப்பிட்டேன். படுத்துவிட்டேன்.

அந்த விளக்கை அணைத்தது வெறும் காற்று இல்லை, குழாய் வெளியே தள்ளிய காஸ் என்று பிறகுதான் விளங்கியது. எத்தோரே வீட்டில் ஒருவர் அந்தப் படியில் சுடர் அணைவதைக் கண்டிருந்தால் உள்ளே காஸ் நிறைந்திருக்கிறது என்று கத்தியிருப்பார். நான் காற்றாடியை நிறுத்தினேன்.

அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது. அப்பா தன் கை என்று நம்பிவிட்டார். முந்தநாள் எத்தோரே கூப்பிட்டுக் கேட்டபோது “நான்தான்” என்று சொல்லிவிட்டார். வைன் அடங்கியதும் ஜனவரி பத்தாம் தேதியோடு வேலையை விடச் சொல்லிவிட்டார் எத்தோரே. கோபமாகச் சொல்லவில்லையாம். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாராம்.

நான் சொன்னால் ரெனாத்தோவை இப்படி ஆக்கியது நான் என்று ஆகும். பொலிஸ் வருமா? எங்கள் எல்லாரையும் அனுப்புவார்களா? சொல்லாவிட்டாலும் அனுப்புவார்கள்தானே? என்ன செய்யட்டும்?

சியாமளா


கெல்சென்கிர்ச்சன்,
27.12.2007

என் செல்லத் தங்கைக்கு,

அக்காவுக்கு உடம்பு சுகம். உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. இரண்டு தடவை எழுத இருந்து எழும்பிவிட்டேன்.

முதலில் இதைக் கேள். நீ கெட்டது ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை. உனக்குப் பதினான்கு வயது. பொலிஸ் உன்னை ஒன்றும் செய்யாது.

ஆனால் சொல்லாதே. 15ஆம் தேதி போகும்வரை ஒருவரிடமும் சொல்லாதே. சித்தப்பாவிடமும்தான். சித்தப்பா எத்தோரேயிடம் கெஞ்சிக் கேட்டு அந்த ஒரு கடிதத்தை மட்டும் வாங்கட்டும். இத்தனை வருடம் வேலை செய்தவருக்கு ஒரு தாள் தராமல் விடமாட்டார்கள். குழந்தை சொன்ன கதை என்று ஒன்று இடையில் வந்தால், விசாரணை, கேள்வி, புதுக் கடதாசி என்று இழுபடும். டெர்மின் தவறிவிடும். ஒரு பிள்ளை வாய் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

என் அப்பாவை ஏன் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள் என்று உனக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மாவுக்கே முழுதும் தெரியாது. 1998இல் ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தா. நல்ல மனிதர், சிரித்துக்கொண்டு கேட்டார், “அப்பா பகலில் எங்கே போவார்?” எனக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் ஜெர்மன் நன்றாகப் பேசுகிறேன் என்று எல்லாரும் பாராட்டுகிற காலம். நான் முழு வசனமாக, பிழையில்லாமல் சொன்னேன்: ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். அவருக்கு வேலை அனுமதி இல்லை என்பது எனக்குத் தெரியாது. “நன்றாகப் பேசுகிறாய்” என்றார் அதிகாரி. அதிலிருந்து ஐந்தாம் மாதம் அப்பாவை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியதும் பிடித்து மறியலில் போட்டார்கள். இப்போது வவுனியாவில் தனியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பார். “படிக்கிறியோ பிள்ளை?” என்று கேட்பார். ஓம் என்பேன்.

உண்மை சொல்வது நல்லது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. இன்னும் பத்தொன்பது நாள்தான்.

அன்பு முத்தங்கள்,
அக்கா


ஆர் பள்ளத்தாக்கு,
2.1.2008

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடத்தில் நீங்களும் பெரியம்மாவும், வவுனியாவில் பெரியப்பாவும் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீங்கள் எழுதினதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அப்பா கெஞ்சமாட்டார். அம்மா கேட்டுப் பார்த்தா. “ஒரு கடிதம்தானேயப்பா. மனுசன் தராமல் விடுமே?”

“என்னெண்டு கேக்கிறது? உன்ர பிள்ளையின்ர மூளையைக் கெடுத்தவன் நான், எனக்கு நற்சான்றிதழ் தா எண்டோ?”

“அப்ப நாங்கள் எங்க போறது?”

“அவள் சில்வியா ஒவ்வொரு நாளும் அங்க கிடந்து அந்தப் பெடியனுக்குத் தண்ணி பருக்கிறாள். நீ எங்க போறது எண்டு கேக்கிறாய்.”

அம்மா எழும்பி உள்ளே போனா. அறையில் இருந்து சூட்கேஸை இழுத்துத் தூசி தட்டுகிற சத்தம் கேட்டது.

அப்பா இப்போது எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்க்கிறார். கதவு பூட்டினாரா, அடுப்பை நிறுத்தினாரா, தண்ணீரை மூடினாரா. நேற்றுப் படிகளில் பாதி இறங்கியவர் திரும்பி வந்து என்னைக் கேட்டார், “பிள்ளை, நான் இப்ப கதவைப் பூட்டினனானோ? நீ பாத்தனிதானே?” நான் “பூட்டினீங்கள் அப்பா” என்றேன். “நீ பாத்தால் சரி,” என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அக்கா, 15ஆம் தேதி வரை என்று சொன்னீர்கள். என்னால் ஏலவில்லை.

சியாமளா


கெல்சென்கிர்ச்சன்,
4.1.2008

சியாமளா, அம்மாவும் நானும் சுகம். இப்போதுதான் உன் கடிதம் கிடைத்தது, தபாலகம் பூட்டுமுன் இந்த அட்டையைப் போடுகிறேன். ஒன்றும் செய்யாதே. சனி ஞாயிறு எனக்கு வேலை. திங்கள் விடுமுறை எடுத்து நானே வருகிறேன். நான் வரும்வரை பொறு. அக்கா


ஆர் பள்ளத்தாக்கு,
20.1.2008

அன்புள்ள சுபத்ரா அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அன்றைக்கு நீங்கள் வந்தபோது வீட்டில் ஒருவரும் ஒழுங்காகப் பேசவில்லை, குறை நினைக்க வேண்டாம். உங்கள் அட்டை திங்கள்தான் யூலியா வீட்டுக்கு வந்தது. ஞாயிறே எல்லாம் முடிந்துவிட்டது. நீங்கள் நின்ற இரண்டு மணி நேரமும் அம்மா பக்கத்தில் இருந்ததால் நடந்ததைச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆறாம் தேதி அவர்களுக்குப் பண்டிகை நாள். ரெனாத்தோ இன்னும் கைக்கும் பேச்சுக்கும் பயிற்சி தருகிற ஆஸ்பத்திரியில்தான். சமையலறையில் எத்தோரேயும் சில்வியாவும் மட்டும் இருந்தார்கள். முன்னால் தட்டு இருந்தது, சாப்பிடவில்லை. நான் கதவில் நின்றே ஜெர்மனில் சொன்னேன். காற்றாடியை நிறுத்தியது அப்பா இல்லை, நான். அந்த ஒரு வசனத்தைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் ஒழுங்கில்லாமல் வந்தது.

சில்வியா எழும்பினாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். என்னைத் தாண்டி மேலே போய்விட்டாள்.

எத்தோரே, “எங்கே வைத்தாய், காட்டு,” என்றார். கீழ்வாசலுக்குப் போனோம். காட்டினேன். ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி அந்தப் படியில் வைத்தார். காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. வைன் இப்போது கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. ஆனாலும் சுடர் குறுகி, நீலமாகி, போய்விட்டது.

“எத்தனை தடவை அணைந்தது?”

“மூன்று.”

எங்கள் சப்பாத்துத் தட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, “மெழுகுதிரி அணைந்தால் ஓடு என்று என் அப்பா எனக்கு ஐந்து வயதில் காட்டினார். நான் ரெனாத்தோவுக்குக் காட்டினேன். உமாவுக்குச் சொன்னேன். நீ நான்கு வருடமாக இந்தப் படியில் விளையாடுகிறாய். உனக்கு ஒருவரும் சொல்லவில்லை,” என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்பா கூரைக்கடியில் நாணல் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எத்தோரே மூச்சு வாங்க ஏறிப் போய், “உமா, உன் கை இல்லை,” என்றார். அப்பாவுக்கு விளங்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னார். மூன்றாம் தரம் அவர் சொல்லும்போது நான் அவருக்குப் பின்னால் நிற்பதை அப்பா கண்டார்.

கடிதத்தை எத்தோரே அடுத்த நாளே எழுதித் தந்தார். காலவரையறை இல்லாத வேலை என்று போட்டிருந்தார். டெர்மின் பத்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டு வருடத்துக்கு விசா. அலுவலகத்தில் இருந்த பெண் எனக்கு ஒரு இனிப்பும் தந்தா. ஆனால் மாசிக்குள் வீட்டை விட வேண்டும். என்னை முற்றத்தில் பார்க்க ஏலாது என்று சில்வியா சொல்லிவிட்டாளாம். அதில் பிழையில்லை. அப்பா அடுத்த ஊரில் இரண்டு அறை பார்த்திருக்கிறார், பஸ்ஸில் வேலைக்கு வந்து போவார். ரெனாத்தோவுக்கு விளங்குகிற காலம் வரும்போது நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று எத்தோரே சொல்லியிருக்கிறார். சரி என்றிருக்கிறேன்.

அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. தன் தலையில் அடித்துக்கொண்டா. அப்பா ஏசவில்லை, அடிக்கவில்லை. இரண்டு கிழமையாக என்னோடு பேசவே இல்லை. விசா கிடைத்த அன்றும் பேசவில்லை. நான் சாப்பாடு போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவார். கதவைப் பூட்டினாரா என்று இப்போது யாரையும் கேட்பதில்லை.

நேற்றுப் பின்னேரம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். அம்மா கடைக்குப் போயிருந்தா. நான் பாத்திரங்களைக் கடதாசியில் சுற்றிக் கொடுக்க, அப்பா அடுக்கினார். அடுக்கிக்கொண்டே, என் பக்கம் பாராமல் சொன்னார்.

“நாப்பத்திரண்டு நாள். எண்ணிப் பாத்தனான்.”

நான் அடுத்த கடதாசியை எடுத்தேன்.

“நான் விடிய விடியக் கீழ போய் நிண்டது உனக்குத் தெரியுமே?”

“ஓம் அப்பா.”

“அந்த மேசையில இருந்து கையைப் பாத்துக்கொண்டிருந்தனான். அண்டைக்கு நீ எங்க இருந்தனி?”

“உங்களுக்கு முன்னால.”

அப்பா அடுத்த கோப்பைக்குக் கையை நீட்டினார். நான் சுற்றிக் கொடுத்தேன்.

பெரியம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். குளிர் இன்னும் போகவில்லை, கவனம்.

உங்கள் தங்கை,
சியாமளா